உதவியாளர் இலக்கணம்: பவானிபூர்ப் படலம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லை: கொல்கத்தாவில், வடக்கே ரவீந்திர சதன் மெட்ரோ, தெற்கே ஹாஜ்ரா மோர். நுதலிய பொருள்: மருத்துவத் தகவல் தொழில்நுட்ப ஆய்வில் முதுகலை முடித்ததும் வந்து சேரும் ஆய்வு உதவியாளர் என்னும் உயிர். கேட்போர்: இந்த வேலையில் சேர்ந்துவிட்டு, ஊரில் அம்மாவிடம் அது என்ன வேலை என்று சொல்லத் தெரியாமல் விழிப்போர். பயன்: ஸ்டைபெண்ட், வரும்போது. ஆக்கியோன் பெயரில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னால் வரும்.

இவ்வுயிர் உயர்திணையா, அஃறிணையா? மானிய விண்ணப்பத்தில் இதற்கு 'மேன்பவர்' என்று தலைப்பு. சொல்லுக்குள் மனிதன் இருப்பதால் உயர்திணை என்பர் ஒரு சாரார். அதே பட்டியலில் மேல்வரி லேப்டாப், கீழ்வரி பிரின்டர் மை. ஆகவே அஃறிணை என்பர் மற்றொரு சாரார். இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர் என்பதே என் துணிபு. பிரின்டர் பழுதானால் ஆள் வருவார், நமக்கு வரமாட்டார் என்ற வேறுபாடும் உண்டு.

வகைக்கு வருவோம். இதற்கு மூலநூல் பவானிபூரிலேயே இருக்கிறது. இன்றைய எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை அன்று பிரசிடென்சி ஜெனரல். அங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில்தான் 1898-இல் ரொனால்ட் ராஸ் பறவைகளையும் கொசுக்களையும் வைத்துக்கொண்டு, மலேரியா கொசு வழியாகப் பரவும் விதத்தைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு. 1927-இல் அவருக்கு ஒரு நினைவு வாயில். கொல்கத்தாவில் அவர் வைத்துக்கொண்ட உதவியாளர் மூவர். பூர்பூனா என்பவர் முதல் சம்பள நாளோடு காணாமல் போனார். முகம்மது பக்ஸ் நின்றார். கிஷோரி மோகன் பந்தோபாத்யாய் பின்னாளில் மன்னர் எட்வர்டின் தங்கப் பதக்கம் பெற்றார். இதிலிருந்து நான் யாத்த நூற்பா:

முதற்சம் பளத்தொடு மறைவோர் ஒருவகை;
மறையாது கொசுவொடு கிடப்போர் ஒருவகை;
பதக்கம் பெறுவோர் ஒருவகை, ஆக
மூவகை என்ப உதவியோர் வகையே.

இதன் பொருள் வெளிப்படை. பூர்பூனாவைப் பழிப்போர் அந்தச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபின் பழிக்க. 'என்ப' என்றது யார் சொன்னது எனில், நானும் பக்கத்து நாற்காலிக்காரரும்.

நான்காவது வகை ஒன்று உண்டு என்பாரும் உளர்: உதவியாளராகத் தொடங்கி நோபலே வாங்குவோர். ஹாஜ்ராவில் 1950 ஜனவரியில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவைத்த ஐரீன் ஜோலியோ க்யூரி அப்படிப்பட்டவர். தாய் மேரி க்யூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். தாயே கைடாக அமைவது எல்லார்க்கும் வாய்க்காது என்பதால் இவ்வகையை இந்நூல் எடுத்தாளவில்லை.

ஊதியம் பற்றிச் சுருக்கமாக. ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் ரூ. 31,000-இலிருந்து 37,000 ஆனது 2023 ஜனவரி 1 முதல். ஆணை வந்தது ஜூனில். இடைப்பட்ட பாக்கிக்கு 'அரியர்ஸ்' என்று பெயர். கல்லூரியில் அரியர் என்றால் நாம் வைத்தது. இங்கே நமக்கு வைத்தது.

தொழிலுக்கு வருவோம். தரவு மூவகைப்படும்: எழுதியது, எழுதாதது, எழுதியும் படிக்க முடியாதது. மூன்றாவதே பெரும்பான்மை. என் மேசைக்கு வரும் ஓ.பி. சீட்டு நாலாக மடிக்கப்பட்டு, சட்டைப்பை வியர்வையில் ஊறி வரும். மடிப்பு மிகச் சரியாக மருந்தளவின் மேல் விழுந்திருக்கும். 5 மில்லிகிராமா, 50-ஆ? வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தெரிவது ஒரு டீக்கறை. பார்த்ததை எக்ஸெல் கட்டத்தில் இட்டு, நோய்க்குக் குறியீடு தரவேண்டும். அங்கேதான் உதவியாளன் இலக்கண ஆசிரியன் ஆகிறான்.

1893-இல் ழாக் பெர்டில்யோன் மரணக் காரணங்களை வகுத்துக் கொடுத்த பட்டியல் வளர்ந்து, ஐ.சி.டி. என்னும் பன்னாட்டு நோய் வகைப்பாடு ஆயிற்று. அதன் பத்தாம் பதிப்பில் முதல் குறியீடு ஏ00, காலரா. நூலின் கடவுள் வாழ்த்தே காலரா! காலராக் கிருமியை 1884-இல் ராபர்ட் காக் உறுதிசெய்தது இந்த நகரத்தில்தான் என்பதால், உள்ளூருக்குக் கிடைத்த முதல் மரியாதையாக அதை எடுத்துக்கொள்வேன். பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது; என் எக்ஸெல் இன்னும் பத்தில்.

ஆனால் சீட்டோடு வருபவர் ஏ00 என்று சொல்வதில்லை. 'கேஸ், அம்பல்' என்கிறார். நம் அகத்திணையில் அம்பல் என்றால் ஊரின் முணுமுணுப்பு. வங்காளத்தில் அது வயிற்றின் முணுமுணுப்பு, அதாவது புளித்த ஏப்பம். நெஞ்சுவலியும் கேஸ், தலைசுற்றலும் கேஸ். கேஸ் என்றே குறித்தால் ஆர்14. டாக்டர் வேறு நினைத்து எழுதாமல் விட்டிருந்தால்? இதற்குத்தான் ஐ.சி.டி.யிலும் புறனடை வைத்திருக்கிறார்கள்: .8 என்றால் வேறு குறிப்பிட்டவை, .9 என்றால் குறிப்பிடாதவை. எதிலும் அடங்காத காய்ச்சல் ஆர்50.9. தொல்காப்பியர் கண்டால் மெச்சியிருப்பார். நாலு மணிக்குமேல் என் கையில் எல்லா நோயும் .9 ஆகும். இதை என் கைடு படிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

இனிப் பெயரியல். பந்தோபாத்யாயும் பானர்ஜியும் ஒரே பெயர் என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கிஷோரி மோகன் இன்று வந்தால் இரண்டு நோயாளி ஆவார்: ஒருவருக்கு மலேரியா இருக்கும், மற்றவருக்கு மருந்து கொடுத்திருப்பார்கள். இந்தக் குழப்பம் தீரத்தான் ஆளுக்கொன்றாக ஆபா என்னும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண். அது பதிந்த போன் எப்போதும் மகன் கையில், மகன் எப்போதும் சால்ட் லேக்கில்.

ஆக்கியோன் சிக்கல் இதுதான். இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் (பெயர் வேண்டாம்) எனக்கு அடையாள அட்டை போட்ட அன்று, கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "தாதா, பொதொபி?" வங்காளத்தில் அகரம் ஒகரமாகத் திரியும், வகரம் பகரமாகும் என்று அதற்குள் கற்றிருந்தேன். ஒகரத்தை அகரமாக்கி, பகரத்தை வகரமாக்கி, 'பதவி' என்று புணர்ச்சி பிரித்து, பெருமையோடு "ரிசர்ச் அசிஸ்டென்ட்" என்றேன். தட்டிவிட்டார். பொதொபி என்றால் அங்கே குடும்பப் பெயர்.

அட்டையில் இனிஷியலும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. அசிஸ்டென்ட் குலத்தில் முதல்வனாக நிற்கிறேன். திருத்தப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் முதல் கட்டமே பொதொபி.