விருப்பங்கள்: வாசிப்பு, தொழில்நுட்பம், உலகப் புதுமை

ஸ்டார்ட்அப் மென்டார்களின் சுயவிவரத்தில் ‘விருப்பங்கள்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும்: வாசிப்பு, தொழில்நுட்பம், உலகப் புதுமை. ‘மணமகள் தேவை’ விளம்பரத்தில் ‘நல்ல குணம்’ என்று போடுகிறார்களே, அந்த மாதிரி. யாரும் ஆட்சேபிக்க முடியாது. யாருக்கும் ஒன்றும் விளங்கவும் விளங்காது. வாசிப்பு பிடிக்காது, தொழில்நுட்பம் அலர்ஜி, புதுமையெல்லாம் தாம்பரம் சானடோரியத்தைத் தாண்டக் கூடாது என்று யாராவது எழுதியிருந்தால் அவரிடம் அரை மணி நேரம் பேசிப் பார்க்கலாம். சொந்தமாக ஏதோ யோசித்திருக்கிறார். என்ன வாசிப்பு, எந்தத் தொழில்நுட்பம், யாருக்கான புதுமை என்று சொல்லாதவரை இந்த மூன்றாலும் தொழில் தொடங்க வரும் பிள்ளைகளுக்குச் சல்லிக்காசு பிரயோஜனமில்லை என்பது என் கட்சி.

சாட்சி தேடி கலிபோர்னியாவுக்கு விமானம் ஏற வேண்டாம், சென்னையின் கீழ்க்கட்டளை போதும். இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2010-இல் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற பெயரில் அங்கேதான் தொடங்கியது. அதைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதத்தை உசுப்பியது மேலாண்மை நூல் எதுவும் இல்லை. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளை விற்கும் ஸெண்டெஸ்க் விலையை ஏற்றிவிட்டது. பயனர்கள் இணையத்தில் பொரிந்து தள்ளினார்கள். சரியான சரக்கோடு யாராவது வந்தால் இதுதான் நேரம் என்கிற ரீதியில் ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். அதை கிரீஷ் படித்தார். 2021 செப்டம்பரில் நிறுவனம் நாஸ்டாக்கில் பட்டியலானது. ‘அதெல்லாம் அதிர்ஷ்டம் சார்’ என்பீர்கள். அந்தப் பின்னூட்டம் எத்தனையோ பேர் கண்ணில் பட்டிருக்கும். படித்துவிட்டு அடுத்த வம்புக்கு நகர்ந்திருப்பார்கள். இவரோ ஸோஹோவில் அதே ரக மென்பொருளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர். தேடுவது இன்னதென்று தெரிந்தவருக்கு நாலு வரி போதும். தெரியாதவர் அறுபது புத்தகம் முடித்து, அட்டைகளை அடுக்கிப் படம் எடுத்து, ஜனவரி முதல் தேதி லிங்க்ட்இன்னில் போடுவார்.

‘பரந்த வாசிப்பைக் கிண்டல் செய்வதா? சுஜாதா எதைத்தான் படிக்காமல் விட்டார்?’ என்று குரோம்பேட்டைக்காரர்கள் சண்டைக்கு வரலாம். நியாயமான சண்டைதான். சி. ராஜம் தன் வீட்டை விற்று 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்ஐடியில் படித்தவர் எழுத்தாளர் சுஜாதா. அந்த மூன்று விருப்பங்களும் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் வேலையில் இருந்தபோது, எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பாட்டியும் சின்னத்தைப் பார்த்து, ஒரே ஒரு பொத்தானை அழுத்தி, சந்தேகமில்லாமல் வெளியே வர வேண்டும் என்பதுதான் கணக்கு. படித்த அத்தனையும் அந்த ஒரு விரலுக்கு உதவியாக வேண்டும். மென்டார்களும் தாராளமாகப் பரந்து படிக்கட்டும், கடைசியில் எந்த விரலுக்கு என்பதை மட்டும் சொன்னால் போதும்.

உலகப் புதுமையில் ஆர்வம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போவதாகத் தெரியவில்லை. பிடுங்கிப் போட்ட சர்க்யூட் போர்டு, பழைய கேமரா, ஒற்றை ஸ்பீக்கர், ரிமோட் இல்லாத டிவி, டிவி இல்லாத ரிமோட் எல்லாம் தரையில் விரித்திருக்கும். ஒரு காலத்தில் மேடை போட்டு அறிமுகப்படுத்திய புதுமைகள்தான் இவை. இதில் எதை இன்னும் பேரம் பேசி வாங்குகிறார்கள், எதை யாரும் தொடுவதில்லை என்று அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்ப்பது மாநாட்டு நுழைவுச்சீட்டைவிட மலிவு. ‘அங்கே ஏஐ கிடைக்குமா?’ என்றால், கிடைக்காது. இன்னும் பத்து வருஷம் பொறுக்க வேண்டும்.

மென்டாரைப் பார்க்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடினீர்கள், ஏன் என்று கேளுங்கள். பதில் வந்தால் உட்காருங்கள். ‘எல்லாப் புத்தகத்திலும் ஏதோ ஒரு நல்ல விஷயம் இருக்கும்ப்பா’ என்றால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.