மோர் உங்களைக் கைவிடாது

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது. ஏலக்காய் தட்டிப்போட்ட டீயையும் விட்டுவிட வேண்டியதுதானா?
– ஒரு வாசகர், பொட்டிபுரம்

பதில்: விடாதீர்கள்! உங்கள் ஊர் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்ற நுண்துகளைத் தேடத் திட்டமிட்டார்கள். உங்கள் வயிற்று ரகசியத்துக்கு அவ்வளவு தோண்ட வேண்டாம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, தாய்ப்பால் மறந்த பிறகு பலருக்கும் குறைந்துவிடும். உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் உங்கள் கட்சி. செரிக்காத சர்க்கரையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது கிளம்பும் வாயுதான் அந்தக் கடமுடா. ஏலக்காய் மணக்கும், லாக்டோஸைக் குறைக்காது.

ஆனால் 200 மில்லி பாலில் இருப்பதே சுமார் 10 கிராம் லாக்டோஸ். ஒரு கிளாஸ் டீயில் அதில் பாதிகூட வராது. வெறும் வயிற்றில் குடிக்காமல் இட்லிக்குப் பிறகு குடித்துப் பாருங்கள். தயிரும் மோரும் இன்னும் நல்லவை: உறையிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு, மீதியை உடைக்கத் தங்கள் நொதியையும் தருகின்றன. மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் அந்த உதவி போய்விடும், கவனம். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை, தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். உடல் மெலிந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மட்டும் இதையெல்லாம் நம்பி இருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.