மங்கலத்துல நின்னுக்கிட்டு 9.81

ஏனுங் வாத்தியாரே, செல்போனைக் குடுத்துப் பசங்களுக்கு இயற்பியல் நடத்தப் போறீங்களாமா? தாராளமா நடத்துங்க. எப்படியும் பொழுதுக்கும் அது அவிங்க கையிலதான் கெடக்குது.

ஆனா இதுவரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லாம ஓடீட்டு இருந்துச்சுங்களே! ஊசலைக் கட்டுவாங்க, நூலை அளப்பாங்க, ரெக்கார்டு நோட்டுல முப்பது பேருக்கும் புவியீர்ப்பு 9.81ன்னு வந்து உக்காந்துக்கும். விடையை மொதல்ல எழுதிப்போட்டு அளவைப் பின்னால புடிச்சு இழுத்தாற வித்தை. அதையப் போயிக் கெடுக்கறீங்களே.

ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2016ல, போனுக்குள்ள இருக்கற உணரியை வெச்சு அளக்கறதுக்கு ஃபைஃபாக்ஸ்னு ஒரு செயலி உட்டாங்க, சும்மாவே. போனை மல்லாக்கப் போட்டா 9.9ங்குதுன்னு வெச்சுக்கங்க, கவுத்தா 9.7ங்கும். பூமி என்ன, போனோட மூஞ்சியப் பாத்தா இழுக்குது? தராசுல தட்டை மாத்திப் போட்டுப் பாக்கற சந்தைக் கெழவிக்கு இந்தச் சூது தெரியும். ரெண்டுக்கும் நடுவுல 9.8, மிச்சம் 0.1 போனோட கோணல். ஆயிரம் தடவை அளந்து சராசரி போட்டாலும் எண்ணோட நடுக்கந்தான் அடங்கும், கோணல் அப்படியே நிக்கும்.

ஊசலுக்கும் ஒரு சூது இருக்குதுங்க. ஒரு மீட்டர் நூலு ஒருக்கா போயிட்டு வர ரெண்டு வினாடி. கை 0.2 வினாடி தடுமாறுனா நேரத்துல நூத்துக்குப் பத்து பிழை, ஈர்ப்புல இருவது. இருவது அலைவைச் சேத்து எண்ணச் சொல்லுங்க. அதே கைதான், அதே தூக்கந்தான், ஈர்ப்புல பிழை நூத்துக்கு ஒண்ணா எறங்கீரும்.

இதையெல்லாம் நம்மூரு பனியன் கம்பெனில சம்பளம் வாங்கிக்கிட்டே படிச்சவன் நானு. ஜிஎஸ்எம் கட்டர்ல 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டுவோம். 1.80 கிராம் நின்னா 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். தராசு 0.01 கிராம் பெசகுனா ஒரு ஜிஎஸ்எம் போச்சு. ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு வெட்டோணும். பஞ்சு ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி மழையில ஒரு எடை, சித்திரை வெயில்ல ஒரு எடை. அதனாலதான் லேப்ல காத்தோட ஈரத்தை 65 சதவீதத்துல கட்டி வெக்கறாங்க. துணி வாங்கற பையரும் வெறும் 180ன்னு எழுதமாட்டாரு. பெரும்பாலும் கூடக்கொறைய நூத்துக்கு அஞ்சுன்னு சேத்துத்தான் எழுதுவாரு. பனியன் துணிக்கு இருக்கற மரியாதை பூமிக்கு இல்லீங்களா?

இன்னொரு கூத்தைக் கேளுங்க. 9.81 ஆகன்ல சரி. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கற நம்ம பக்கம் அது 9.78. ஆக, 9.8, கூடக்கொறைய 0.1ன்னு எழுதுன பையன் எங்கியும் பொய் சொல்லல. 9.81ன்னு சுத்தமா எழுதுனவன் நம்மூரு மங்கலத்துல நின்னுக்கிட்டு ஜெர்மனியை அளந்திருக்கான்! அவனுக்குத்தான நீங்க முழு மார்க் போட்டீங்க?

இனிமே கூடக்கொறையப் போடாத நோட்டைத் திருப்பிக் குடுங்க. தேர்வுக்கு வர்ற வெளியூரு வாத்தியாரு, ‘ஏன் முப்பது பேருக்கு முப்பது விடை?’ன்னு கேட்டா இங்க கூட்டியாங்க. அவரு போனையும் ஒருக்கா கவுத்துப் போட்டுப் பாத்தரலாம்.