‘பூச்சு வேலைதான் பாக்கி’: நிலவரம் சொல்லும் கலை பற்றி நாவலூர்ச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

கட்டுகிற வீடு ஒன்றுதான். அதன் நிலவரம் நான்கு என்பது இவ்வாய்வின் கருதுகோள். மேஸ்திரி வீட்டுக்காரரிடம் “பூச்சு வேலைதான் சார் பாக்கி” என்பார். அவர் மனைவியிடம், “தை பொறந்தா பால் காய்ச்சிடலாம்மா.” சிமெண்ட் கடையில், “ஓனரு இன்னும் பணம் தரலண்ணே.” போனில் கத்தும் இன்னொரு வீட்டுக்காரரிடம், “நாளைக்கு உங்க வேலைதான்.” இவ்வளவும் சொல்லப்படுகையில் மாடிப்படியின் சென்ட்ரிங் பலகைகூடப் பிரிக்கப்பட்டிருக்காது. இது பொய்யா என்பது அறநூலார் கவலை. யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதே நம் கவலை.

இத்துறைக்கான மூலச் சான்றுகள் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரர் வரலாற்றில் குவிந்து கிடக்கின்றன. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே பெரியபுராணத்தில் தொகுத்து வைத்தும் மேலாண்மைப் பேராசிரியர்கள் எட்டிப் பார்க்காதது ஏனோ!

முதற்சான்று, ஓலை வழக்கு. புத்தூரில் மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து “நீ என் அடிமை” என்று ஓலையைக் காட்டுகிறார். மாப்பிள்ளையான சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையில்தான் தெரிகிறது, கிழிந்தது படியோலை. மூலவோலை கிழவரிடம் பத்திரம். சபையார் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். கோபப்படுகிறவருக்கு நகல், தீர்ப்புச் சொல்கிறவருக்கு அசல்: இதைவிடத் தெளிவான தகவல் பங்கீடு உண்டா? (2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு பிரதிவாதியின் ஊர் கள்ளக்குறிச்சியிலும் வாதியின் ஊர் விழுப்புரத்திலும் இருக்கின்றன. இன்றைக்கென்றால் வழக்கு எண் வாங்கவே வருடமாகும்.)

இரண்டாவது, 12,000 பொன். முதுகுன்றத்து மணிமுத்தாற்றில் போட்டதைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துத் தருவதாக மனைவி பரவையாரிடம் சொன்னால் அவர் எப்படி நம்புவார்? சுந்தரர் போடும்போதே மச்சம் (மாதிரித் துண்டு) வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். எடுத்த பொன் அந்த மச்சத்தைவிட மாற்றுக் குறைந்திருக்க, மறுபடி பாடிச் சரிசெய்துகொண்டார். எந்த மேஸ்திரியும் கொத்தனாரும் இப்படி மச்சம் வைத்துக்கொண்டதாகச் சான்றில்லை.

ஆனால் நுட்பமான சான்று திருவொற்றியூரில் இருக்கிறது. அடுத்து மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரம் மட்டும் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சுந்தரர் இறைவனைக் கேட்டுக்கொள்கிறார். சம்மதித்த இறைவனே சங்கிலியார் கனவில் போய், “சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள்” என்று சொல்லிவிடுகிறார். இருதரப்புக்கும் அவரவர் கேட்ட தகவல் போய்ச் சேர்ந்தது, மாட்டிக்கொண்டவர் சுந்தரர். சத்தியம் தவறி ஊரெல்லையைத் தாண்டியதும் கண்பார்வை போனது.

இவ்வளவு தேர்ந்தவரும் ஓரிடத்தில் கோட்டைவிட்டார். சங்கிலியார் திருமணத்தைப் பரவையாரிடம் அவர் வாயால் சொல்லவில்லை. ஒற்றியூரிலிருந்து வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கதவு அடைபட்டது. சுந்தரருக்காகத் தூது போன இறைவனும் அர்ச்சகர் வடிவில் ஒருமுறை தோற்றுத் திரும்பி, இரண்டாம் முறை தம் வடிவிலேயே போகவேண்டியிருந்தது.

ஆக, நிலவரத்தைச் செய்கிறவரே சொல்லி யாரும் அறிந்ததில்லை. வீடு கட்டுவோருக்கு நம் பரிந்துரை: மேஸ்திரி சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, அவர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துச் சித்தாளை விசாரியுங்கள்.