பொட்டியோட முதுகப் பாருல!

ஏல பேராண்டி, கம்ப்யூட்டருக்கு ரெண்டாவது மானிட்டர் வாங்கப் போறியாமே? வாங்குல, நல்லா வாங்கு. ஒத்த ஸ்க்ரீன்ல ஒக்காந்திருந்தா நீ சும்மா இருக்குறது ஒங்க மேனேஜருக்கு வெளங்கிருது. ரெண்டு இருந்தா, பாவம் புள்ள என்ன பாடுபடுதுன்னு நெனைப்பாரு.

கடைக்குப் போறதுக்கு முன்னால சிபியுவத் திருப்பி அதோட முதுகப் பாரு. நீங்கள்லாம் முன்பக்கம் கலர் கலரா லைட்டு எரியுறதப் பாத்துத் துட்டக் குடுக்குற கூட்டம். சங்கதி பூரா பின்னாடில்லா கெடக்கு! மேல யூஎஸ்பி ஓட்டைகளோட ஒரு எச்டிஎம்ஐ இருந்தா அது மதர்போர்டோடது. கீழ படுக்கவசத்துல தனியா மூணு நாலு ஓட்டை இருந்தா அதுதான் கிராபிக்ஸ் கார்டு. ரெண்டு மானிட்டரையும் கார்டுலயே சொருகு. ஒண்ண மேலயும் ஒண்ணக் கீழயும் சொருகிட்டு, 'நோ சிக்னல்'னு வந்ததும் கடைக்காரன வையாத. கார்டு மாட்டுனா மதர்போர்டு வாசல அடச்சிருற பயாஸ் நெறைய உண்டு. உள்ள போயித் தொறந்து விடலாம். ஆனா இன்டெல் ஐ5 12400எஃப் மாதிரி, பேரு கடைசியில எஃப் இருக்குற பிராசசர்னா அதுக்குள்ள கிராபிக்ஸே கெடையாது. கதவத் தொறந்தாலும் வீட்டுல ஆளில்ல.

சல்லிசாக் கெடைக்குதுன்னு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கிட்டு வந்து நிக்காத. அது ஒரே படத்த ரெண்டு எடத்துல காட்டும், அம்புட்டுதான். தாலி கட்டுறதப் பந்தியில இருக்குறவனுக்கும் காட்டணும்னா அது லாயக்கு.

வயருலயும் சூது இருக்கு. கார்டுல டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர்ல எச்டிஎம்ஐன்னா சாதா வயரே பெரும்பாலும் போதும். அப்பிடியே மாறி இருந்தா அதே வயரத் திருப்பிப் போட்டுக் காரியம் ஆகாது. கரண்டு வாங்கி வேலை செய்யுற ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேணும். ரெண்டு முனை இருந்தா ரெண்டு பக்கமும் போகும்னு நெனைக்குற ஆளுல்லா நீ, அதான் சொல்லுதேன்.

சொருகியாச்சா? விண்டோஸ் பொத்தானையும் பியையும் சேத்து அமுக்கி 'எக்ஸ்டெண்டு' குடு. பெறவு டிஸ்ப்ளே செட்டிங்க்ஸ்ல ஒண்ணு, ரெண்டுன்னு கட்டம் தெரியும். மேசையில எது எந்தப் பக்கம் இருக்கோ அதே மாதிரி இழுத்து வையி. வைக்கலன்னா மவுஸு அம்பு செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கும், நீ கம்ப்யூட்டரு ரிப்பேர்னு ஊரக் கூட்டுவ.

இதெல்லாம் புது அதிசயம்னு எங்கிட்ட அளக்காத. ஆப்பிள்காரன் 1987லயே மெக்கின்டாஷ் டூவுல பல மானிட்டர் மாட்ட வழி பண்ணிட்டான். விண்டோஸ் 98ல ஒம்பது வரைக்கும் மாட்டலாம்னான். நல்லவேள, அப்ப நீ பொறக்கல.

தெனம் பாக்குறத மூஞ்சிக்கு நேரா வையி, மத்தத ஓரமாச் சாய்ச்சு வையி. ரெண்டையும் சமமா வச்சு நடுவுல ஒக்காந்தா நாள் பூரா கழுத்தத் திருப்பணும். ஒனக்கு இருக்குறதும் ஒரு கழுத்துதான்.

கடைசியா ஒண்ணு. பரண்மேல ஒங்கப்பன் வாங்குன பழைய மானிட்டர் துணி மூடிக் கெடக்கு. நீல மூக்கு விஜிஏ வயரு. எச்டிஎம்ஐல இருந்து விஜிஏக்கு மாத்துற கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டா அது எந்திரிச்சிரும். ஒரு மாசம் அத ஓட்டு. அந்த ரெண்டாவது ஸ்க்ரீன்ல வேலை ஓடுதா, கிரிக்கெட் ஓடுதான்னு நானும் பாக்கேன். வேலைதான் ஓடுச்சுன்னா புதுசுக்குத் துட்டு நான் தாரேன்.