முதலிடம் இல்லாத ஊரில் முதலிடங்கள்

மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பது என்று தமிழக அரசு 2017 மே மாதம் முடிவெடுத்தது. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு ரேங்க் பட்டியல் ஒழிந்தது. முதல் மூன்று இடங்களின் புகைப்படம் இல்லாமல் மறுநாள் செய்தித்தாளே கொஞ்சம் இளைத்துத் தெரிந்தது.

அதே மே மாதம் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். ஆக, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டு தொடர் அழுத்தம். 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியது உண்மைதான். பெற்றோரின் எதிர்பார்ப்பைப் பாதியாக்க அரசாணையில் இடமில்லை.

தனியார் பள்ளிகளும் சளைக்கவில்லை. மாநில முதலிடம் இல்லையா, சரி, பாடவாரி நூற்றுக்கு நூறு உண்டே! ஃப்ளெக்ஸில் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் வரிசை கட்டின. அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேதான் ‘மகிழ்ச்சியான கற்றல்’ என்ற பள்ளியின் இன்னொரு பலகையும். யோகா வகுப்பும் உண்டு, கணக்கு சார் அந்த பீரியடைக் கடன் கேட்காத நாள்களில்.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் கைவிட்டது. அது அழுத்தம்தான் என்று ஒப்புக்கொள்ள எட்டு ஆண்டுகள்.

தேர்வு முடிவு நாளில் பிள்ளைக்கு மனம் கனத்தால் 104 உதவி எண்ணை அழைக்கலாம். பக்கத்து வீட்டு மார்க்கை விசாரிக்கும் பெரியவர்களும் அழைக்கலாம்.