பாரிஸ் வரை நடந்த காலணி

கேள்வி: வெயிலில் கறுப்பு கோட்டு போட்டு வக்கீல்கள் வேகிறார்களே, விலக்கே கிடையாதா?
– பாகூர் வாசகர்

பதில்: உண்டு. உச்ச, உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோடைக்குக் கறுப்பு கோட்டு கட்டாயமில்லை என்கிறது இந்திய வழக்கறிஞர் மன்ற விதி. கழுத்துப்பட்டைக்குத்தான் விடுமுறை இல்லை!

உடைக்காகக் கடல் கடந்து வழக்காடி ஜெயித்தவரே உங்கள் புதுச்சேரிக்காரர்தான். பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1873-இல், வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் போனார். கட்சிக்காரருக்காக வாதாடப் போனவரின் காலைத்தான் முதலில் பார்த்தார் நீதிபதி, அனுமதி மறுத்தார். எவ்வளவு பெரிய அவமானம்! பிள்ளை விடவில்லை. பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார்.

இந்தியர் விரும்பினால் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம் என 1881-இல் ஆணை வந்தது. அதை ஏற்ற பிள்ளை சூட்டிக்கொண்ட குடும்பப் பெயர் 'லபோர்த்'. பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள்.